சோலார், ஹீட் பம்ப், இன்சுலேஷன் வைத்த வீட்டுக்குச் சொத்து வரி மதிப்பீடு: சரிபார்ப்பதும் திருத்துவதும்

கூரையில் சோலார் பேனல் ஏற்றியாயிற்று. வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லரைக் கழற்றிவிட்டு, ஏசி போலவே மின்சாரத்தில் ஓடிச் சூடும் குளிர்ச்சியும் தரும் ஹீட் பம்ப் வைத்தாயிற்று. கரண்ட் பில் இறங்குகிறது. சில மாதம் கழித்துச் சொத்து வரி நோட்டீஸ் வருகிறது. வீட்டின் மதிப்பு ஏறியிருக்கிறது. மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கு வரியாகப் போகப்போகிறது.

இப்படி வரும் உயர்வில் தப்பு இருந்தால், அது பெரும்பாலும் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, சட்டத்தில் விலக்கு இருந்தும் யாரும் மனுப் போட்டுக் கேட்கவில்லை. இன்னொன்று, நீங்கள் செலவழித்த தொகையை அப்படியே வீட்டு மதிப்போடு கூட்டியிருக்கிறார்கள். செலவு வேறு, மதிப்பு வேறு. கீழே வரும் கணக்குகள் எல்லாம் அந்த வித்தியாசத்தைப் பற்றியவைதான்.

முதலில், உங்கள் வரி எதன்மேல் நிற்கிறது?

நோட்டீஸை எடுத்து 'மதிப்பு' என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். உலகில் வீட்டு வரி பெரும்பாலும் மூன்று அடிப்படையில் போடப்படுகிறது. எது உங்களுடையது என்று தெரியாமல் செய்யும் வேலை எல்லாம் வீண்.

சந்தை மதிப்பு முறையில், வீட்டை விற்றால் என்ன விலை போகும் என்று கணித்து அதன்மேல் சதவீதம் போடுவார்கள். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இதுதான். மின்சிக்கன வேலையால் வரி ஏறும் வாய்ப்பு அதிகம் இருப்பதும் இங்கேதான். அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இந்த முறைக்கே போகும்.

ஆண்டு மதிப்பு முறையில், வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்பதே அடிப்படை. சிங்கப்பூரில் இப்படித்தான், அங்கே அந்த வாடகைக் கணிப்பில் மேஜை நாற்காலி போன்ற அறைக்கலன்களுக்கான பங்கைச் சேர்ப்பதில்லை. இந்தியாவின் பல நகரங்களிலும் பெயர் ஆண்டு மதிப்புதான். ஆனால் நடைமுறையில் பரப்பளவை அந்தத் தெருவுக்கான சதுர அடி விகிதத்தால் பெருக்கி, கட்டட வயதுக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்பக் கூட்டிக் குறைக்கிறார்கள். அந்தச் சூத்திரத்தில் இன்சுலேஷனுக்கோ (வெப்பம் கடக்காமல் தடுக்கும் காப்பு) ஹீட் பம்புக்கோ இடமே இல்லை.

மூன்றாவது, பழைய தேதியில் உறைந்த பட்டை முறை: ஒரு பழைய தேதியின் விலையை வைத்து வீடுகளைச் சில பட்டைகளாகப் பிரித்து, பட்டைக்கு ஏற்ப வரி போடுவார்கள். இங்கிலாந்தில் கவுன்சில் வரி என்னும் உள்ளாட்சி வீட்டு வரியின் பட்டை 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்து முடிவாகிறது; வேல்ஸில் 2003 ஏப்ரல் 1. வீட்டை மேம்படுத்தினால் அதற்காகப் பட்டை உயர்வது வீடு கைமாறும்போதுதான். அங்கே குடியிருக்கும் ஒருவர் சுவருக்கு இன்சுலேஷன் போடுவதற்கு வரியை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை.

மதிப்பீட்டு அட்டையைக் கையில் வாங்குங்கள்

சந்தை மதிப்பு முறையில் உங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்துத்தான் விலை போடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான வீடுகளைக் கணினியில் ஓடும் கணக்கு மாடல் ஒன்று மொத்தமாக மதிப்பிடுகிறது. அது உங்கள் வீட்டை ஓர் அட்டை வழியாகத்தான் பார்க்கிறது. அட்டையில் இருப்பதற்கு வரி. அட்டையில் இல்லாததற்கு வரி இல்லை. அந்த அட்டையின் நகலை மதிப்பீட்டு அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள். பல இடங்களில் அலுவலகத்தின் இணையதளத்திலேயே வீட்டு எண்ணைத் தட்டினால் கிடைக்கும்.

அட்டையில் நிலப் பரப்பு, கட்டடப் பரப்பு, கட்டிய ஆண்டு, பயன்வயது, கட்டுமானத் தரம், வீட்டின் நிலை, சூடாக்கும் வசதி, குளிரூட்டும் வசதி, கூடுதல் அமைப்புகள் என்று வரிசையாக இருக்கும். மின்சிக்கன வேலைகள் இதில் எந்தக் கட்டத்தைத் தொடும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சுவருக்குள்ளும் பரணிலும் போடும் இன்சுலேஷனுக்குப் பெரும்பாலான அட்டைகளில் தனிக் கட்டமே கிடையாது. காற்றுக்கசிவு அடைப்பது, எல்இடி விளக்கு, தண்ணீர்க் குழாய்க்கு உறை போடுவது எதுவும் அட்டையில் ஏறாது. இவற்றைச் செய்யும்போது வரி ஏறினால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. வழக்கமான காரணம் ஒன்று: பரணுக்கு இன்சுலேஷன் போட்ட கையோடு அதை ஓர் அறையாக்கியிருப்பார்கள். ஏறியது கட்டடப் பரப்பு. இன்சுலேஷனுக்கு அதில் பங்கில்லை. வெயில் வெப்பத்தைப் பிடிக்க வராந்தாவைக் கண்ணாடியால் அடைத்தாலும் இதே கதைதான். பரப்பு கூடியது உண்மையானால் அந்த உயர்வு நியாயமானது; அதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

ஹீட் பம்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏற்கெனவே மைய ஏசி இருந்த வீட்டில் ஹீட் பம்ப் வைத்தால் அட்டையில் எதுவும் மாற வேண்டியதில்லை. பழைய சாதனத்துக்குப் பதில் புதிய சாதனம், அவ்வளவுதான். ஆனால் வெறும் பாய்லர் மட்டும் இருந்த வீட்டில் ஹீட் பம்ப் வந்தால், அது குளிரவும் வைக்கும் என்பதால் 'குளிரூட்டும் வசதி: இல்லை' என்ற கட்டம் 'உண்டு' என்று மாறும். கணினி மாடல் அந்த 'உண்டு'க்கு ஒரு விலை வைத்திருக்கும், அதுவும் வீடு முழுக்க என்ற கணக்கில். நீங்கள் ஹாலுக்கும் ஒரு படுக்கையறைக்கும் மட்டும் வைத்திருந்தால், குளிர்விக்கப்படும் பரப்பு எவ்வளவு என்று எழுதிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

வெளிச்சுவருக்கு மேல் இன்சுலேஷன் பலகை ஒட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பல அலுவலகங்கள் கட்டடத்தை வெளிப்பக்கம்தான் அளக்கின்றன. வெளி அளவு 10 மீட்டருக்கு 12 மீட்டர் என்று இரண்டு தளம் கொண்ட ஒரு வீடு; ஒரு தளம் 120 சதுர மீட்டர். நாலு பக்கமும் 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் பலகை ஒட்டினால் அளவு 10.2க்கு 12.2 ஆகிறது; பரப்பு 124.44. இரண்டு தளத்துக்கும் சேர்த்து 8.88 சதுர மீட்டர், அதாவது 3.7 சதவீதம், காகிதத்தில் முளைத்துவிடுகிறது. வீட்டுக்குள் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை. வேலைக்கு முந்தைய அளவோடு கூடிய வரைபடத்தையும், பலகையின் கனம் குறிப்பிட்ட பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி அளக்க வந்தால் காட்டி, பழைய அளவையே வைக்கச் சொல்லலாம்.

பயன்வயது என்னும் பள்ளம்

அட்டையில் மிக அதிகமான பணம் நகரும் கட்டம் இதுதான், ஆனால் பலர் பார்க்காமல் விடுவதும் இதையே. பயன்வயது என்றால் கட்டிய ஆண்டைப் பொருட்படுத்தாமல், இப்போதைய நிலையில் அந்த வீடு எத்தனை வருடப் பழைய வீட்டுக்குச் சமம் என்ற கணிப்பு. அதை வைத்துத்தான் கட்டடத்துக்குத் தேய்மானம் போடுகிறார்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட 40,00,000 ஆகும் என்று வையுங்கள். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றே. அட்டையில் தேய்மானம் 35 சதவீதம், மதிப்பு 26,00,000. நீங்கள் 3,00,000 செலவில் எல்லா ஜன்னலையும் இரட்டைக் கண்ணாடிக்கு மாற்றுகிறீர்கள். அனுமதிப் பத்திரத்தில் 'வீட்டுப் புதுப்பிப்பு' என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்த மதிப்பீட்டாளர், வீடு முழுக்கப் புதுப்பிக்கப்பட்டது என்று எடுத்துக்கொண்டு பயன்வயதைக் குறைக்கிறார்; தேய்மானம் 15 சதவீதமாகிறது. மதிப்பு 34,00,000. மூன்று லட்சம் செலவுக்கு எட்டு லட்சம் மதிப்பு உயர்வு! மின் வயரிங், குழாய், சமையலறை, தரை எல்லாம் பழையபடியே இருக்கின்றன.

இதற்கு மருந்து இரண்டு. வேலைக்கு முன்னும் பின்னும் வீட்டின் ஒவ்வொரு பகுதியையும் தேதியோடு படமெடுத்து வைப்பது ஒன்று. அனுமதி விண்ணப்பத்தில் செய்யும் வேலையை மட்டும் உள்ளபடி எழுதுவது இன்னொன்று: 'இருக்கும் 11 ஜன்னல்களை அதே அளவில் மாற்றுதல்' என்று எழுதுங்கள், 'புதுப்பித்தல்' என்ற பொதுச் சொல் வேண்டாம். விண்ணப்பத்தை ஒப்பந்ததாரர் நிரப்புவதாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் அந்த வாசகத்தை வாசித்துவிடுங்கள்.

அனுமதியே வாங்காமல் வேலையை முடித்துவிட்டால் வரிக்காரர்கள் கண்ணில் படாது என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். வான்வழிப் படங்களில் கூரைப் பேனல் பளிச்சென்று தெரியும். அனுமதி இல்லாத வேலைக்கு விலக்கும் கேட்க முடியாது. வீட்டை விற்கும்போதும் காப்பீடு கோரும்போதும் அது குறுக்கே வந்து நிற்கும்.

வேலை தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

1. அட்டையின் இன்றைய நகல் ஒன்று, தேதி தெரியும்படி.

2. பில் பிரித்துத் தர ஒப்பந்ததாரரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். சோலார் போடும் சாக்கில் கூரை ஓடுகளையும் மாற்றினால், பில்லில் ஓடுகளுக்குத் தனித் தொகை, பேனல், தாங்கி, இன்வெர்ட்டர், வயரிங், பேட்டரி ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை. ஒரே மொத்தத் தொகையாகப் பில் வந்தால் விலக்கு எதற்கு எவ்வளவு என்று அலுவலகத்தால் பிரிக்க முடியாது; பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே பிரிப்பார்கள்.

3. கடந்த 12 மாத மின் பில்கள். ஏன் என்று கீழே வரும்.

4. அரசு மானியம் கிடைத்தால் அந்த ஆணை.

5. மதிப்பீட்டுத் தேதி எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வருடத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் வீடு எந்த நிலையில் இருந்ததோ அதற்குத்தான் வரி. அன்று வேலை பாதியில் நின்றால் பாதி முடிந்த அளவுக்கு மதிப்பு ஏற்றுவார்கள். அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வேலையைத் தொடங்காமல் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

விலக்கு தானாக வராது

சோலாருக்குச் சொத்து வரி விலக்கு தரும் சட்டங்கள் பல இடங்களில் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் வேறு மாதிரி. மூன்று நான்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் ஊர்ச் சட்டத்தில் எதைத் தேட வேண்டும் என்பது பிடிபடும்.

கலிஃபோர்னியாவில் 1978இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவின்படி, வாங்கிய விலையே அடிப்படை. வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஆனால் புதிய கட்டுமானம் நடந்தால் அந்தப் பகுதி மட்டும் சந்தை மதிப்பில் சேரும். வருவாய்-வரிச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, சாதனங்களைக் கொண்டு இயங்கும் சோலார் அமைப்பைப் 'புதிய கட்டுமானம்' அல்ல என்று விலக்குகிறது; இது காலவரையறை வைத்துத் தந்த விலக்கு என்பதால் இப்போதும் அமலில் இருக்கிறதா என்று பாருங்கள். கவனியுங்கள்: நீச்சல் குளத்தைச் சூடாக்கும் சோலாருக்கும், காற்றாலைக்கும், வெயிலை வெறுமனே உள்வாங்கும் கட்டட அமைப்புகளுக்கும் அந்தப் பிரிவு பொருந்தாது. சோலார் வெப்பத்தையும் வேறு எரிபொருள் வெப்பத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும் குழாய்களுக்கு 75 சதவீதம்தான் விலக்கு. வீடு கைமாறினால் விலக்கு முடிந்தது.

நியூயார்க் மாநிலத்தில் சொத்து வரிச் சட்டத்தின் 487ஆம் பிரிவு 15 வருடத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் நகராட்சியோ, பள்ளிகளுக்கென்று தனியாக வரி போடும் பள்ளி மாவட்டமோ அதை ஏற்கமாட்டோம் என்று தீர்மானம் போட்டு விலகிக்கொள்ளலாம். ஒரே வீட்டுக்கு ஊர் வரியில் விலக்கு, பள்ளி வரியில் இல்லை என்பது அங்கே சாதாரணம். டெக்சஸில் வரிச் சட்டத்தின் 11.27ஆம் பிரிவின்படி, முக்கியமாக அந்த வீட்டின் பயன்பாட்டுக்காக வைத்த சோலார் அல்லது காற்றுச் சாதனத்தால் கூடும் மதிப்பு முழுதும் விலக்கு. மாசசூசெட்ஸில் 20 வருடம். அமைப்பின் உற்பத்தி அந்தச் சொத்தின் ஆண்டு மின் தேவையில் 125 சதவீதத்துக்குள் இருந்தால் விலக்கு எளிதில் கிடைக்கும். 12 மாத மின் பில்களை எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நாளைக்குக் கார் சார்ஜ் செய்ய வேண்டும் என்று பெரிதாக வைக்கிறவர்கள் அந்தத் தேவையையும் எழுத்தில் காட்டத் தயாராக இருக்க வேண்டும்.

ஆக, சட்டத்தைப் படிக்கும்போது ஐந்து கேள்வி: எந்தச் சாதனம் வரையறைக்குள் வருகிறது, பேட்டரி அதில் உண்டா, எத்தனை வருடம், எந்தெந்த வரிக்கு, மனுவுக்குக் கடைசித் தேதி என்ன. கடைசிக் கேள்விதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. நோட்டீஸ் வந்த பிறகு விலக்கு மனு போட்டால் பெரும்பாலும் அந்த வருடம் போனது போனதுதான். நியூயார்க்கின் பல ஊர்களில் கெடு மார்ச் 1; டெக்சஸில் ஏப்ரல் 30. நிறைவுச் சான்று கையில் கிடைத்த வாரமே மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு நகல் வாங்கிவிடுங்கள். மதிப்பீட்டாளர் இந்த வருடம் சோலாருக்கு ஒன்றும் கூட்டவில்லை என்றாலும் மனுவைக் கொடுப்பது நல்லது. அடுத்த மறுமதிப்பீட்டில் அவர் கூட்டினால், அப்போது விலக்கு ஏற்கெனவே பதிவில் இருக்கும்.

பேனல் உங்களுடையதா, குத்தகையா என்பதும் முக்கியம். கம்பெனி தன் செலவில் வைத்து, உங்களுக்கு மின்சாரத்தை விற்கிறது அல்லது மாத வாடகை வாங்குகிறது என்றால், அது கம்பெனியின் சொத்து. உங்கள் அட்டையில் அது ஏறியிருந்தால் ஒப்பந்தத்தின் உரிமைப் பக்கத்தைக் காட்டி எடுக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிச் சொந்தமாக வைத்தது வேறு. கடன் பாக்கி இருந்தாலும் பேனல் உங்களுடையதுதான்.

சோலாருக்கு என்ன மதிப்பு போட்டிருக்கிறார்கள் என்று சரிபார்த்தல்

விலக்கு இல்லாத ஊர், அல்லது விலக்குக் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் 'கூடுதல் அமைப்புகள்' பகுதிக்குப் போங்கள். அங்கே முதலில் அளவைப் பாருங்கள். 400 வாட் பேனல் 14 என்றால் 5.6 கிலோவாட். '14' என்ற எண்ணைக் கிலோவாட் கட்டத்தில் எழுதிவிட்டால் மதிப்பு இரண்டரை மடங்காகும். பேனல்களின் மொத்தம் 5.6 என்றும் இன்வெர்ட்டர் 5 என்றும் இருப்பது இயல்பு. அலுவலகத்தின் விலைப் பட்டியல் எந்த அளவை வைத்துத் தயாரானதோ அதையே அட்டையிலும் எழுத வேண்டும்.

அடுத்து தொகை. இங்கேதான் செலவு வேறு, மதிப்பு வேறு என்பது கணக்காக வந்து நிற்கும். 5 கிலோவாட் அமைப்பு, 10 வருடத்துக்கு முன் 3,50,000 கொடுத்து வைத்தது. அட்டையில் இன்னும் 3,50,000 இருக்கிறது. செலவு வழி மதிப்பீட்டின் விதிப்படியே இது தவறு. அந்த வழியில் பார்க்க வேண்டியது, இன்று அதேபோல ஒன்றைப் புதிதாக வைக்க என்ன ஆகும் என்பது; அதிலிருந்து தேய்மானம் கழிக்க வேண்டும். பேனல் விலை வருடங்களாக இறங்கி வந்திருக்கிறது. இன்று 2,50,000 ஆகும் என்று இரண்டு விலைப்புள்ளி கிடைத்தால், 25 வருட ஆயுளில் 10 வருடம் போனதற்கு 40 சதவீதம் கழித்து 1,50,000. வரி விகிதம் 1.2 சதவீதமானால் வருட வரி 4,200க்குப் பதில் 1,800. வித்தியாசம் வருடத்துக்கு 2,400. இன்னும் 15 வருடம் பேனல் இருக்கும் என்பதை நினைத்தால் ஒரு மனு எழுதும் உழைப்புக்குத் தகும். விகிதம் 0.3 சதவீதமானால் வருடம் 600தான். அங்கே உங்கள் நேரத்தைப் பயன்வயது, பரப்பு போன்ற பெரிய கட்டங்களில் செலவிடுங்கள்.

வருமான வழி என்று ஒன்று இருக்கிறது: பேனல் மீதமிருக்கும் ஆயுளில் மிச்சப்படுத்தும் மின் கட்டணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது. மின் கட்டணம் அதிகமுள்ள இடத்தில் இது செலவு வழியைவிடப் பெரிய தொகையைத் தரும். 'எங்களுக்கு இவ்வளவு மிச்சமாகிறது' என்று பெருமையாக மனுவில் எழுதினால் அதை வைத்தே மதிப்பை ஏற்ற முடியும். கேட்காத வரை அந்தக் கணக்கை நீங்களாகத் தராதீர்கள்.

சோலாரால் வீட்டு விலை கூடவே செய்யாது என்ற வாதத்தையும் தவிர்த்துவிடுங்கள். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2015இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு மாநிலங்களில் 22,000க்கும் மேற்பட்ட வீட்டு விற்பனைகளைப் பார்த்ததில், சொந்தப் பேனல் உள்ள வீட்டுக்கு வாங்குகிறவர்கள் கூடுதல் விலை கொடுத்ததாகத் தெரிந்தது. மதிப்பீட்டாளருக்கு அது தெரியும். உங்கள் வாதம் 'கூடும், ஆனால் இவ்வளவு அல்ல' என்று இருந்தால்தான் செல்லும்.

நோட்டீஸ் வந்தபின்

முதலில் கெடு. மேல்முறையீட்டுக்கு 30 நாள் என்பது பரவலாகக் காணப்படும் அளவு. உங்கள் நோட்டீஸின் அடியிலோ பின்பக்கத்திலோ சரியான எண்ணிக்கை இருக்கும். அது நோட்டீஸில் போட்டிருக்கும் தேதியிலிருந்தா, கைக்கு வந்த தேதியிலிருந்தா என்பதையும் பாருங்கள். தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள முத்திரைத் தேதி சில நேரம் காப்பாற்றும்.

பிறகு பழைய அட்டையையும் புதிய அட்டையையும் அருகருகே வைத்து ஒவ்வொரு கட்டமாக ஒப்பிடுங்கள். மாறிய கட்டங்களை மட்டும் வட்டமிடுங்கள். எல்லாம் மாறாமல் மொத்த மதிப்பு மட்டும் ஏறியிருந்தால், ஊர் முழுக்க விலை ஏறியிருக்கிறது என்று பொருள். உங்கள் சோலாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்போது எழுப்ப வேண்டியது வேறு கேள்வி: இதேபோன்ற வீடுகள் அண்மையில் என்ன விலைக்கு விற்றன? மூன்று முதல் ஐந்து விற்பனை போதும். மதிப்பீட்டுத் தேதிக்கு நெருக்கமானவையாக, பரப்பிலும் வயதிலும் அடுத்தடுத்து இருப்பவையாகத் தேர்ந்தெடுங்கள்.

அட்டையில் சோலார் கட்டம்தான் மாறியது என்றால், அதே தெருவில் பேனல் வைத்த மற்ற வீடுகளின் அட்டைகளையும் பாருங்கள். பல இடங்களில் அவை பொது ஆவணம். நாலு வீட்டில் பேனல் இருந்து உங்கள் அட்டையில் மட்டும் தொகை ஏறியிருந்தால், சமமாக நடத்தவில்லை என்பதே தனிக் காரணம். சில இடங்களில் இந்தக் காரணத்தை ஏற்கிறார்கள், சில இடங்களில் சந்தை மதிப்பைத் தாண்டினால் மட்டுமே பார்ப்பார்கள். மனுப் படிவத்தில் காரணங்களின் பட்டியல் இருக்கும். பக்கத்து வீட்டாரின் மதிப்பை ஏற்றிவிடும் அபாயம் இதில் இருப்பதால், வேறு வலுவான காரணம் கையில் இருந்தால் அதை முதலில் வையுங்கள்.

முறையான மனுவுக்கு முன் மதிப்பீட்டு அலுவலகத்தில் நேரில் போய்ப் பேசுங்கள். பரப்பு, எண்ணிக்கை, இரட்டைப் பதிவு போன்ற தகவல் பிழைகள் பெரும்பாலும் மேஜையிலேயே திருத்தப்பட்டுவிடும். ஆனால் 'பார்க்கிறோம்' என்ற வாய்வார்த்தையை நம்பிக் கெடுவைத் தாண்டவிடாதீர்கள். திருத்திய அட்டை கைக்கு வரவில்லை என்றால் கடைசி நாளுக்கு முன் மனுவைப் போட்டுவிட வேண்டும்.

மனுவின் உள்ளடக்கம் இவ்வளவுதான் இருக்க வேண்டும்:

'மேற்படி வீட்டின் மதிப்பீட்டு அட்டையில் கூடுதல் அமைப்புகள் பகுதியில் சோலார் அமைப்புக்கு 3,50,000 எனக் குறிக்கப்பட்டுள்ளது. இது 10 ஆண்டுகளுக்கு முன் நான் செலுத்திய பில் தொகை (இணைப்பு 1). இதே 5 கிலோவாட் திறனுள்ள அமைப்பை மதிப்பீட்டுத் தேதியில் புதிதாக நிறுவ 2,50,000 ஆகும் (இணைப்பு 2, 3: விலைப்புள்ளிகள்). அமைப்பின் ஆயுள் 25 ஆண்டுகள் (இணைப்பு 4: உற்பத்தியாளர் உத்தரவாதம்), கடந்தவை 10 ஆண்டுகள். 40 சதவீதத் தேய்மானம் கழித்து மதிப்பை 1,50,000 எனத் திருத்தக் கோருகிறேன்.'

கேட்கும் தொகை மனுவில் எண்ணாக இருக்க வேண்டும். 'குறைத்துத் தரவும்' என்று மட்டும் எழுதினால் எவ்வளவு குறைப்பது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டதாகிவிடும். சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்திருக்கிறேன், எனக்கு ஏன் வரி என்பது நியாயமான கேள்விதான். ஆனால் விசாரணைக் குழுவுக்கு அதில் அதிகாரம் இல்லை. மதிப்பு சரியா, விலக்கு பொருந்துமா என்பதை மட்டுமே அவர்கள் தீர்மானிக்க முடியும். உங்களுக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்தை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்முறையீடு நடக்கும்போது பல இடங்களில் வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டாமல் விட்டால் வட்டியும் அபராதமும் ஏறும். சில சட்டங்களில் மனுவே தள்ளுபடியாகும். ரசீதை மனுவோடு இணையுங்கள். ஜெயித்தால் அதிகம் கட்டியது திரும்பும்.

பரப்பளவு அடிப்படையில் வரி போடும் ஊர்களில்

இங்கே மேல்முறையீட்டைவிடத் தள்ளுபடிதான் முக்கியம். புனே மாநகராட்சி இதற்கு நல்ல உதாரணம்: சோலார் வாட்டர் ஹீட்டர், மழைநீர் சேமிப்பு, மண்புழு உரம் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் பொது வரியில் 5 சதவீதம், இரண்டு இருந்தால் 10 சதவீதம் தள்ளுபடி என்று வைத்திருக்கிறது. இந்த மாதிரித் தள்ளுபடிகளில் சாதனம் இருந்தால் மட்டும் போதாது, ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும். ஆய்வுக்கு வரும்போது உப்பு படிந்து அடைத்த வாட்டர் ஹீட்டரைக் காட்டினால் தள்ளுபடி போய்விடும். வரி பாக்கி வைத்திருப்பவருக்கும் பொதுவாகக் கிடைக்காது.

இந்த ஊர்களில் சோலாரால் வரி ஏறும் ஒரே வழி தாங்கிதான். மொட்டை மாடியில் ஆள் நடமாடும் உயரத்துக்கு இரும்புத் தூண் நிறுத்தி அதன்மேல் பேனல் வைக்கிறார்கள். நிழல் நன்றாக இருக்கிறதே என்று பக்கவாட்டில் தகடு அடைத்து, கீழே சாமான் வைத்து, ஒரு கதவும் போட்டுவிட்டால் அது கட்டடம். அளக்க வந்தவர் அதைப் பரப்பில் சேர்ப்பது சரியே. நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். தாங்கியின் உயரத்தை அனுமதியில் சொன்ன அளவுக்குள் வையுங்கள். முடிந்ததும் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் மாற்றம் செய்யும்போது

இன்வெர்ட்டர் பழுதாகி மாற்றுவது பராமரிப்பு. மதிப்பு ஏறக் கூடாது. கூரை ஒழுகுகிறது என்று பேனலை இறக்கிவைத்து மறுபடி ஏற்றினாலும் அப்படியே. அனுமதி விண்ணப்பத்தில் 'இருக்கும் பேனல்களைக் கழற்றி மீண்டும் பொருத்துதல்' என்று எழுத மறக்காதீர்கள், இல்லையென்றால் இரண்டாவது சோலார் அமைப்பாக அட்டையில் ஏறும். கூடுதல் பேனல் சேர்த்தால் சேர்த்த பகுதிக்கு மட்டும் புதிதாக விலக்கு மனு. பேனலை நிரந்தரமாக எடுத்துவிட்டால், எடுத்த வேலையின் பில்லைக் கொடுத்து அட்டையிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அலுவலகம் தானாக நீக்காது.

சோலார் உள்ள வீட்டை வாங்குகிறவர் விற்பவரின் வரி ரசீதைப் பார்த்துத் தன் வரியைக் கணக்கிடக் கூடாது. கைமாறும்போது விலக்கு முடிகிற ஊரா, புதிய உரிமையாளர் பெயரில் மறுபடி மனுப் போட வேண்டிய ஊரா, மீதி வருடங்கள் வீட்டோடு சேர்ந்து வருகிற ஊரா என்று பத்திரப் பதிவுக்கு முன் மதிப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்பவரிடமிருந்து பில், நிறைவுச் சான்று, விலக்கு ஆணை, உத்தரவாத அட்டை நான்கையும் சாவியோடு சேர்த்து வாங்கிவிட வேண்டும்.